டென்மார்க் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன நினைவுக்கு வருகிறது?

கயல்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். நான் காற்றாலை இறக்கை வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்துக்கு இரண்டு வருட வேலையாகப் போகிறேன். வீட்டில் சொன்னதும் அம்மா அலமாரியைத் திறந்து ஒரு நீல நிறத் தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். டேனிஷ் பட்டர் குக்கீஸ் டப்பா. பிஸ்கட் தீர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது உள்ளே ஊசி, நூல்கண்டு, பொத்தான். "இந்த ஊருக்கா போகிறாய்?" என்று கேட்டார்.

எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது. லெகோ, ஆண்டர்சனின் கடற்கன்னி, சைக்கிள், உலகின் மகிழ்ச்சியான நாடுகள் பட்டியல், அவ்வளவுதான். சுற்றுலாப் பக்கங்கள் எல்லாம் இதையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. அங்கே வாழ்கிறவர்கள், வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள். அந்த நாடும் மக்களும் உண்மையில் எதற்குப் பெயர்பெற்றவர்கள்?

யூட்லாந்து_செல்வி

வணக்கம் தங்கச்சி. நான் 1995இல் கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து ஹெர்னிங் வந்தேன். இப்போது முதியோர் இல்லத்தில் வேலை. அம்மா காட்டிய அந்த டப்பாவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த நாட்டின் கதை வெண்ணெயில்தான் இருக்கிறது.

1864இல் டென்மார்க் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் போரில் தோற்றது. தெற்கே ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் எல்லாம் போய், நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போனது. அடுத்த பதினைந்து வருடத்துக்குள் அமெரிக்கத் தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்து கோதுமை விலை விழுந்தது. தானியம் விற்றுப் பிழைத்த விவசாயிகளுக்கு வழியில்லை. அப்போதுதான் தானியத்தை விற்காமல் மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் விற்கலாம் என்று திரும்பினார்கள். ஆனால் ஐந்து மாடு வைத்திருப்பவர் தனியாக நல்ல வெண்ணெய் எடுக்க முடியாது, இயந்திரம் வாங்கக் காசு கிடையாது. 1882இல் மேற்கு யூட்லாந்தில் யெடிங் என்ற சின்ன ஊரில் விவசாயிகள் சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் நாடு முழுக்க ஆயிரத்துக்குப் பக்கம் வந்துவிட்டது.

அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐம்பது மாடு உள்ளவருக்கும் ஒரு ஓட்டு, இரண்டு மாடு உள்ளவருக்கும் ஒரு ஓட்டு. டேனிஷில் தலைகள் என்பதற்கும் மாடுகள் என்பதற்கும் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். "ஹோவெடர், ஹெவெடர் இல்லை" என்பார்கள். ஓட்டுத் தலைக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறு தாண்டிய ஒரு தாத்தா இருந்தார். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது, ஆனால் தன் வீட்டுப் பால் கேனில் எழுதியிருந்த எண் நினைவிருந்தது. காலையில் பால் வண்டிக்காரர் படலை வாசலில் நிற்கும் கேன்களை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது அதே கேனில் கொழுப்பு எடுத்த பாலை நிரப்பிக்கொண்டு வருவார். அந்தப் பால் பன்றிக்கு. வெண்ணெய் லண்டனுக்கு, எடுத்த மிச்சம் பன்றிக்கு, பன்றியும் பிறகு லண்டனுக்கு. இன்றும் இங்கே மனிதரைவிடப் பன்றிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் காலையில் திரைச்சீலையைத் திறந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கேன் வந்துவிட்டதா?" வந்துவிட்டது என்று சொன்னால்தான் காப்பியைக் கையில் எடுப்பார்.

கூட்டுறவை இங்கே "அண்டெல்" என்பார்கள். பங்கு என்று பொருள். வந்த நாள் முதல் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் அதுதான். வீடு, கடை, காற்றாலை எல்லாவற்றிலும் அண்டெல் உண்டு.

வடகாற்று

செல்வி அக்கா காற்றாலை என்று முடித்ததால் நான் பிடித்துக்கொள்கிறேன். கயல், நீங்கள் நம் துறை என்பதால் கொஞ்சம் விரிவாக.

1891இல் ஆஸ்கோவ் என்ற ஊரில் போல் ல கூர் என்ற ஆசிரியர் காற்றாலையால் மின்சாரம் எடுத்தார். அவர் வேலை பார்த்த இடம் பல்கலைக்கழகம் இல்லை, மக்கள் உயர்பள்ளி. குருண்ட்விக் என்ற பாதிரியார், கவிஞர், அவருடைய எண்ணத்தில் பிறந்தவை இந்தப் பள்ளிகள். முதலாவது 1844இல் ரோடிங்கில் தொடங்கியது. விவசாயி வீட்டு இளைஞர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கி வரலாறு, பாட்டு, இயற்கை அறிவியல் படிப்பார்கள். தேர்வும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. யெடிங் மாதிரி ஊர்களில் ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் போட்டதற்கு இந்தப் பள்ளிகளில் ஒன்றாக உட்கார்ந்து படித்ததும் ஒரு காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ல கூரின் வகுப்பில் படித்தவர் யோஹன்னஸ் யூல். 1957இல் கெட்சர் கடற்கரையில் 200 கிலோவாட் காற்றாலை நிறுவினார். மூன்று இறக்கை, காற்றை எதிர்த்து நிற்கும் சுழலி, வேகம் மீறினால் இறக்கை நுனி தானே திரும்பித் தடுக்கும் ஏற்பாடு. இன்று நாம் கணினியில் வரைவதற்கெல்லாம் தாத்தா அதுதான். எண்ணெய் மலிவாக இருந்ததால் பத்து வருடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடியில் டென்மார்க் ஆடிப்போனது. எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். அப்புறம் அணு உலை வேண்டுமா என்று பத்து வருடத்துக்கு மேல் விவாதித்து, 1985இல் நாடாளுமன்றம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நடுவில் 1978இல் மேற்குக் கரையில் ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, அன்றைக்கு உலகிலேயே பெரிய காற்றாலையைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள், அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1991இல் விண்டபி, கடலுக்குள் நிறுத்திய உலகின் முதல் காற்றாலைப் பண்ணை, 11 இயந்திரங்கள். 2000இல் கோப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே மிடில்குருண்டன், 20 இயந்திரங்கள். அதில் பாதி ஆயிரக்கணக்கான குடிமக்கள் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம். இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

இளங்கோ_மால்மோ

நல்ல தகவல்கள். ஆனால் கயல் கனவோடு மட்டும் போய் இறங்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. நான் நீரிணைக்கு இந்தப் பக்கம் சுவீடனில் இருக்கிறேன். நான்கு வருடம் கோப்பன்ஹேகனில் வேலை பார்த்தேன், ஓரசுண்ட் பாலத்தில் தினமும் ரயில்.

மகிழ்ச்சிப் பட்டியலில் டென்மார்க் 2012, 2013, 2016இல் முதலிடம். சரி. ஆனால் டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம், அதிலும் சூரியன் தெரியாத நாட்களே அதிகம். வேலை நான்கு மணிக்கு முடிந்தால் எல்லோரும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "ஹ்யூகே" என்று மெழுகுவத்தி, காப்பி, நெருங்கியவர்களோடு அமைதியாக உட்காருவதைச் சொல்வார்களே, அது உண்மைதான், அழகானதுதான். ஆனால் அந்த வட்டம் பள்ளிக் காலத்திலேயே அமைந்துவிடும். வெளியே நிற்கிறவருக்கு சன்னலில் வெளிச்சம் மட்டும் தெரியும். முதல் இரண்டு குளிர்காலம் எனக்கு அப்படித்தான் போனது.

இன்னொன்று. 2016இல் புகலிடம் கேட்டு வருபவர்களிடம் 10,000 குரோனருக்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் போட்ட நாடு இது. குடியிருப்புகளில் மேற்கத்தியர் அல்லாதோர் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பட்டியல் போடுகிற நாடு. இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யூட்லாந்து_செல்வி

இளங்கோ தம்பி சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கமாட்டேன். அந்த நகைச் சட்டம் வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொழும்பு விமான நிலையத்தில் என் அம்மா என் கழுத்தில் போட்டனுப்பிய சங்கிலி ஞாபகம் வந்தது.

சினேகிதம் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். இங்கே ஆட்களைத் தேடி வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது, சங்கத்துக்குப் போக வேண்டும். "ஃபொரேனிங்" என்பார்கள். கைப்பந்து, பாட்டு, தோட்டம், தையல், நாய் வளர்ப்பு, எல்லாவற்றுக்கும் சங்கம். சின்ன ஊரிலும் ஒரு விளையாட்டு மண்டபம் இருக்கும். நான் ஒரு செவ்வாய்க்கிழமை பூப்பந்து விளையாடப் போனேன். முதல் மூன்று மாதம் வணக்கம், நன்றி தவிர ஒரு வார்த்தை இல்லை. நான்காம் மாதம் கூட்டம் போட்டு என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். சங்கத்தின் வங்கி அட்டையைக் கையில் தந்து, "சனிக்கிழமை காப்பி வாங்க வேண்டும்" என்றார்கள். மொழியே சரியாக வராதவளிடம் காசைத் தருகிறார்களே என்று வாய் பேசாமல் நின்றேன். அன்றைக்கு வாங்கிய இறகுப்பந்து டப்பாவின் ரசீதைக்கூட இன்னும் வைத்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்கள்தான் என் மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கயல், பொருளாளர் பதவி உங்களுக்கும் வரும். மறுக்காதீர்கள்.

தரங்கம்பாடி_மீனவன்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு டென்மார்க் என்றால் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டை. நான் அதன் மதிலோரம் பந்து விளையாடி வளர்ந்தவன்.

1620இல் ஓவ கியெட்ட என்ற கப்பற்படைத் தளபதி தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து எங்கள் ஊரை வணிகத்துக்காகப் பெற்றார். அப்போது நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோப்பன்ஹேகனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கயல், அதை எப்படியாவது பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். நானூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து அந்தக் குளிர் ஊரில் கிடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு என்னவோ செய்கிறது.

1706இல் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் ஜெர்மானியர், ஆனால் டென்மார்க் மன்னர் அனுப்பியவர். மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். பிறகு அச்சுக்கூடம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1845இல் டென்மார்க் எங்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது.

வணிகம் செய்ய வந்தவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்கரை அடிமையாக்கிக் கரும்பு விளைவித்தவர்களும் இவர்களே. அங்கே தங்கள் வசமிருந்த தீவுகளை 1917இல் அமெரிக்காவுக்கு விற்றார்கள். செல்வி அக்காவின் "தலைக்கு ஒரு ஓட்டு" கடல் கடந்து போகவில்லை.

செவ்வந்தி_சட்டம்

எல்லோரும் பேசிவிட்டுப் போன இடத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. டென்மார்க்கில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் "தமிழர்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே "டமில்சேயன்" என்பார்கள். தமிழர் வழக்கு. நான் சட்டம் படித்தபோது இதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ் அகதிகள் வந்தார்கள். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். சட்டத்தை மாற்றவில்லை, கோப்பைத்தான் நகர்த்தவில்லை. 1989இல் விஷயம் வெளியே வந்தபோது பிரதமர் போல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்றார். விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது, பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட பிரதமர் அன்றே பதவி விலகினார். 1995இல் அமைச்சரை விசாரிக்க ரிக்ஸ்ரெட் என்ற சிறப்பு நீதிமன்றம் கூடி, குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அதற்கு முன் அந்த நீதிமன்றம் கூடியது 1910இல்.

ஓட்டுரிமை இல்லாத, மொழி தெரியாத, ஊருக்குப் புதிய சில நூறு குடும்பங்களுக்குச் செய்த அநீதிக்காக ஓர் அரசாங்கம் விழுந்தது. இளங்கோ சொன்ன சட்டங்களைப் போட்டதும் இதே நாடாளுமன்றம்தான். இரண்டையும் நான் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறேன், ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது.

கயல்_கோவை

செவ்வந்தி, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

மொழி எப்படி? அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்றார்கள். கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஓடென்ஸ_ஆசிரியை

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கடையில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் செல்வி அக்கா சொன்ன மண்டபத்தில் காப்பி குடிக்கும்போது டேனிஷ்தான்.

எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக, கனமாக ஒரு ரொட்டி உண்டு, ரை தானியத்தில் செய்வது. எழுதுவது ரூக்ப்ரோட், சொல்வது ரூப்ரோ. தினமும் மதியம் அதுதான். மெல்லிய துண்டு வெட்டி, மேலே வெண்ணெய், மீன் அல்லது முட்டை அல்லது உருளைக்கிழங்கு வைத்து, மூடாமல் கத்தி முள்கரண்டியால் சாப்பிடுவார்கள்.

எண்கள்தான் பெரிய மலை. ஐம்பதுக்கு "ஹல்ட்ரெஸ்". பிரித்தால், அரை குறைந்த மூன்று இருபதுகள், அதாவது இரண்டரை இருபது. எழுபது மூன்றரை இருபது, தொண்ணூறு நாலரை இருபது. அதிலும் தொண்ணூற்று இரண்டை "இரண்டும் நாலரை இருபதும்" என்பார்கள். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இதற்கு மலைப்பதில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நூறையும் ஆயிரத்தையும் இழுக்கிற மொழி நம்முடையது, அரையும் காலும் முக்காலும் நமக்குப் புதிதில்லை.

மரியாதைப் பன்மை கிட்டத்தட்ட போய்விட்டது. எழுபதுகளில் "நீங்கள்" வழக்கொழிந்தது, எல்லோருக்கும் "நீ"தான். ஆறு வயதுப் பிள்ளை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். முதலில் காதில் சுட்டது. "தயவுசெய்து" என்பதற்கும் தனிச் சொல் கிடையாது. ஆனால் நன்றிக்கு எத்தனை வகை! சாப்பாட்டுக்கு நன்றி, இன்றைக்கு நன்றி, போன முறை சந்தித்ததற்கு நன்றி. சாப்பிட்டு எழும்போது சமைத்தவரைப் பார்த்து "தக் ஃபொ மேத்" சொல்லாமல் எழாதீர்கள்.

பூப்பந்து_பிரபு

ஓடென்ஸ என்றதும் எல்லோரும் ஆண்டர்சன் பிறந்த ஊர் என்பார்கள், 1805. எனக்கு அது விக்டர் ஆக்சல்சன் பிறந்த ஊர். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம். அறுபது லட்சம் பேர் உள்ள நாடு, சீனாவோடும் இந்தோனேசியாவோடும் சமமாக நிற்கிறது. அதற்கும் காரணம் அந்த ஊர் மண்டபங்கள்தான்.

1992 ஐரோப்பியக் கால்பந்துக்கு டென்மார்க் தகுதியே பெறவில்லை. யூகோஸ்லாவியாவை விலக்கியதால் கடைசி நேரத்தில் அழைத்தார்கள். இறுதியில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள். இரண்டாவது கோல் போட்ட கிம் வில்ஃபோர்ட்டின் மகள் அப்போது இரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில். அவர் நடுவில் நடுவில் மகளைப் பார்த்துவிட்டு வந்து ஆடினார். அந்தக் கோலை இன்றும் பார்க்க முடியவில்லை, கண் கலங்கிவிடும்.

இளங்கோ_மால்மோ

இந்த நீரிணையை தினமும் பார்க்கிறவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1943 அக்டோபரில் நாஜிகள் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று முன்கூட்டியே செய்தி கசிந்தது. கசியவிட்டவர் டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி. சில வாரங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, இரவோடிரவாக இங்கே சுவீடன் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பணம் வாங்கிய படகுக்காரர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. சுமார் 470 பேர் பிடிபட்டு தெரேசின்ஷ்டாட் முகாமுக்குப் போனார்கள். டேனிஷ் அதிகாரிகள் அவர்களையும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள், பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள்.

நான் முன்பு எழுதியதை மாற்றவில்லை. இதுவும் அந்த மக்கள் செய்ததுதான்.

கயல்_கோவை

எல்லோருக்கும் நன்றி. ஆகஸ்ட் 9 பயணம். கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி, முதல் வாரத்தில் நான் செய்ய வேண்டிய ஒரு காரியம் எது?

யூட்லாந்து_செல்வி

ஒரு பழைய சைக்கிள் வாங்கி, நகரத்துக்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் போங்கள். எதிர்க்காற்று முகத்தில் அறையும், பரவாயில்லை, மெதுவாக மிதியுங்கள். வயலோரம் ஏதாவது ஒரு வீட்டின் முன்னால் சின்ன மேசை இருக்கும், சில இடத்தில் மேலே தகரக் கூரை. அதில் உருளைக்கிழங்கு, தேன், ஆகஸ்ட் என்றால் பிளம்ஸ் பழம் பொட்டலமாக வைத்திருப்பார்கள். விலை அட்டையில் எழுதியிருக்கும். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, இப்போது கைப்பேசியில் அனுப்ப ஓர் எண்ணும் இருக்கும். விற்க ஆள் இருக்காது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தக் காசு டப்பா எது தெரியுமா? அம்மா வைத்திருக்கிறாரே, அதே நீல டப்பா. மூடியில் நாணயம் போடும் அளவுக்கு ஒரு வெட்டு.

இருபது குரோனர் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழை அங்கியும்.